மகள் பள்ளியில் நடந்த ஊட்டச்சத்து வகுப்பு: 6 வாரம் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உணவியல் படித்தவளும் இல்லை, டீச்சரும் இல்லை. 9ஆம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அம்மா, அவ்வளவுதான். மகளின் பள்ளியில் வெளியிலிருந்து ஒரு குழுவை வரவழைத்து, 13 முதல் 16 வயது வரையுள்ள பெண்களுக்கு மட்டும் சாப்பாடு, உடம்பு, மனசு என்று 6 வகுப்பு நடத்தினார்கள். வாரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். பெற்றோரில் இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்கள், யாரும் முன்வராததால் நான் ஒருத்தி மட்டும் போனேன்.

குழுவின் பெயரை எழுதப்போவதில்லை, குறை நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புறம், இந்த மாதிரி வகுப்புகளின் சாமான்கள் எங்கே போனாலும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்லைடு, கையேடு, கேள்விப் பெட்டி, எடை மெஷின். அதனால் உங்கள் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவலாம். என் மதிப்பெண் 5க்கு 3. ஆனால் அந்த 3 சராசரியாக வந்த 3தான், இரண்டு வகுப்புக்கு முழுசாக 5 கொடுப்பேன், ஒன்றுக்குப் பூஜ்யம் கூட அதிகம்.

முதல் வகுப்பு. உணவுப் பிரமிடு படத்தைப் போட்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டுவார்கள் என்று நினைத்துப் பையில் படிக்க ஒரு நாவல் வைத்திருந்தேன், அதை வெளியே எடுக்கவே இல்லை. உணவியல் நிபுணராக வந்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். மேஜை மேல் ஒரு ஜாடி நிறைய சிவப்புச் சாயத் தண்ணீரையும் ஒரு காலி கண்ணாடி டம்ளரையும் வைத்தார். “ஒரு தடவை பீரியட்ஸ் வந்தா மொத்தமா எவ்வளவு இரத்தம் போகும்? யாராவது வந்து ஊத்திக் காட்டுங்க” என்றார். ஒரே சிரிப்பு, முழங்கை இடி, யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் வந்து விளிம்பு வரைக்கும் ஊற்றினாள். இன்னொருத்தி அது அதிகம் என்று பாதியாகக் குறைத்தாள். அவர் டம்ளரைக் காலி செய்துவிட்டு, ஒரு பெரிய கரண்டியால் அளந்து இரண்டு கரண்டியும் இன்னும் கொஞ்சமும் ஊற்றினார். சராசரியாக 35 மில்லி. டம்ளரின் அடியில் ஒரு விரல் உயரம் கூட வரவில்லை. “இவ்வளவுதானா மிஸ்?” என்று வகுப்பே கத்தியது. நானும் மனசுக்குள் கத்தினேன், இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அந்த அளவு தெரியாது.

பிறகு அதே டம்ளரில் 80 மில்லி வரை ஊற்றி, இதற்கு மேல் போனால் அது அதிக இரத்தப்போக்கு என்றார். வீட்டில் யாரும் அளந்து பார்க்கப்போவதில்லை, அதனால் வேறு அடையாளம் சொன்னார்: ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருந்தால், 7 நாளுக்கு மேல் நீண்டால், டாக்டரிடம் போக வேண்டும், “எல்லாருக்கும் இப்படித்தான்” என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

அங்கேயிருந்து இரும்புச்சத்துக்கு வந்தார், வந்த விதம்தான் அழகு. ஒரு மில்லி இரத்தத்தில் கிட்டத்தட்ட அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அப்போ 35 மில்லி போனால் எவ்வளவு என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொன்னார். 17 மில்லிகிராம் பக்கம் வந்தது. அவ்வளவையும் சாப்பாட்டில்தான் திரும்பப் பிடிக்க வேண்டும், ஆனால் சாப்பிடுகிற இரும்பில் ஒரு சின்னப் பங்கைத்தான் குடல் எடுத்துக்கொள்கிறது, கீரை, பருப்பு, பயறு மாதிரி செடியிலிருந்து வரும் இரும்பு என்றால் அதிலும் குறைவு. அமெரிக்க அட்டவணையில் 14 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம், அதே வயதுப் பையனுக்கு 11 என்று ஏன் போட்டிருக்கிறது என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டோடு எலுமிச்சை, தக்காளி, ஆரஞ்சு மாதிரி வைட்டமின் சி உள்ள ஏதாவது இருந்தால் இரும்பு நன்றாக ஏறும், சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் ஏறுவது குறையும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள் என்றார்.

அப்போது நடுவரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். “படி ஏறினா மூச்சு வாங்குது மிஸ், கிளாஸ்ல தூக்கம் தூக்கமா வருது, வீட்டுல சோம்பேறின்னு திட்டுறாங்க, அது இதுவா இருக்குமா?” பேசியது என் மகள் இல்லை. ஆனால் அந்த வார்த்தையை என் மகளைப் பார்த்து நானும் எத்தனையோ காலையில் சொல்லியிருக்கிறேன். பின்பெஞ்சில் இருந்ததால் முகத்தை யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை.

ஒரு குறை. ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருந்தால் கவலையில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வாரமே மகளுக்கு இரத்தம் பார்த்தோம், 12.3 வந்தது, அப்பாடா என்றேன். டாக்டர் விடவில்லை, ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார், அது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவு. உலக சுகாதார நிறுவனம் 15க்குக் கீழே போனால் குறைபாடு என்கிறது, மகளுக்கு 9. முதலில் சேமிப்புதான் காலியாகும், ஹீமோகுளோபின் இறங்குவது அதற்கு அப்புறம்தான். இதைச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. ஆனால் அவர் அந்த டம்ளரைக் காட்டியிருக்காவிட்டால் நான் டாக்டரிடமே போயிருக்க மாட்டேன், அதனால் 5க்கு 5.

இரண்டாவது வகுப்பு. அதே பெண், அதே சிரிப்பு, ஆனால் கையில் எடை மெஷின்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வரிசையில் நின்றார்கள். உதவிக்கு வந்தவர் எண்ணைச் சத்தமாகப் படிக்க, இவர் லேப்டாப்பில் ஏற்றினார். என் முன்னால் நின்ற ஒரு பெண் ஷூவைக் கழற்றினாள், பெல்ட்டைக் கழற்றினாள், வாட்சைக் கழற்றினாள், கடைசியில் தலையில் இருந்த கிளிப்பைக் கூட எடுத்துத் தோழி கையில் கொடுத்தாள். அந்த கிளிப் என்ன எடை இருக்கும்? இன்னொருத்தி வயிற்று வலி என்று வெளியே போனாள், வகுப்பு முடியும் வரை திரும்பவே இல்லை. பிறகு திரையில் பிஎம்ஐ கணக்கு. 18.5க்குக் கீழே குறை எடை, 25க்கு மேல் அதிக எடை என்று பெரியவர்களுக்குப் போடும் கோட்டை 13 வயதுப் பிள்ளைகளுக்கும் போட்டார்.

இது வெறும் மனசு சங்கடம் இல்லை, கணக்கே தப்பு. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தச் சூத்திரம் 1830களில் பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் அடோல்ஃப் கெட்லே ஒரு மக்கள் கூட்டத்தின் சராசரியைப் பார்க்கப் போட்டது. ஆளாளுக்கு உடல்நலம் சொல்ல அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வளர்கிற பிள்ளைகளுக்கு அதே எண்ணை வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து வளர்ச்சி வரைபடத்தில் பார்க்க வேண்டும், உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயதுக்கென்று 2007லேயே அந்த வரைபடத்தை வெளியிட்டிருக்கிறது. 13 வயதில் பிஎம்ஐ 17 என்பது முழுக்க இயல்பு, ஆனால் அன்று அந்த எண் வந்த பிள்ளைக்குத் திரையில் சிவப்புக் கட்டம் வந்தது. கூடுதலாக இருந்தவர்களுக்கும் சிவப்புதான். பருவமடையும் வயதில் இடுப்பு அகலமாகும், கொழுப்பு சேரும், எடை ஏறும், அதெல்லாம் உடம்பு செய்ய வேண்டிய வேலை. அதைச் சொல்லித்தர வந்தவரே அந்த ஏற்றத்தைச் சிவப்பில் காட்டினால் பிள்ளை எதை நம்பும்?

அன்று ராத்திரி என் மகள் “பசிக்கலை” என்றாள். மறுநாள் காலையிலும். மூன்றாவது நாள் சாப்பிட்டாள், ஆனால் தட்டை என் பக்கம் லேசாகச் சாய்த்து, “இது எத்தனை கலோரிம்மா?” என்று கேட்டாள். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையே கிடையாது. முதல் வாரம் டம்ளரைக் காட்டிச் சம்பாதித்ததை எல்லாம் இரண்டாம் வாரம் எடை மெஷினில் தொலைத்தார்கள். பூஜ்யம்.

மூன்றாவது வகுப்பு சர்க்கரை. ஒரு 330 மில்லி கோலா கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை, அதாவது 8 டீஸ்பூனுக்கு மேல், அதைக் கரண்டி கரண்டியாக அள்ளிக் காட்டினார்கள். நாள் முழுக்க 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் சொன்னார்கள். சரி. இதை எல்லாப் பிள்ளைகளும் ஏற்கெனவே செல்போனில் பார்த்திருக்கிறார்கள். கால்சியத்தையும் இதே வகுப்பின் கடைசிப் பத்து நிமிஷத்தில் திணித்தார்கள், அதற்குத்தான் எனக்குக் கோபம். 18 வயதுக்குள் ஒரு பெண்ணின் எலும்பு தன் உச்ச வலுவில் கிட்டத்தட்ட 90 சதவீதத்தைச் சேர்த்து முடித்துவிடுகிறது, அறுபது வயதில் இடுப்பெலும்பு உடையுமா உடையாதா என்பதற்கான சேமிப்பு இந்த வயதில்தான் நடக்கிறது. பத்து நிமிஷம் போதுமா அதற்கு?

நான்காவது வகுப்புக்கு மனநல ஆலோசகர் வந்தார், வயதானவர், மெதுவான குரல். ஸ்லைடு கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். இரண்டாம் வாரம் என்ன நடந்தது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் எடுத்ததுமே, “போன தடவை எடை பார்த்ததுல யாருக்கெல்லாம் கஷ்டமா இருந்துச்சு?” என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார், ஆனால் அது நடந்த கதை.

1944இல், இரண்டாம் உலகப் போர் முடியாத நேரத்தில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் ஒரு பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் திடமான, மனசு தெளிவான ஆண்கள். சில மாதம் சாதாரணமாகச் சாப்பிட்ட பிறகு 24 வாரம் அவர்களுக்குச் சாப்பாடு பாதியாகக் குறைக்கப்பட்டது, ஒரு நாளைக்குச் சுமார் 1,600 கலோரி. என்ன ஆனது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எப்போதும் குளிர். எரிச்சல். படிப்பில் கவனம் இல்லை. சமையல் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் படித்தார்கள். சாப்பாடு கனவில் வந்தது. தட்டில் இருப்பதைக் கொறித்துக் கொறித்து நீட்டிக்கொண்டே இருந்தார்கள். பரிசோதனை முடிந்து சாப்பாடு கிடைத்த பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்கவில்லை.

அப்புறம் கேட்டார், “உங்க போன்ல வர்ற டயட் சார்ட்ல எவ்வளவு போட்டிருக்கும்?” ஒருத்தி மெதுவாக, “ஆயிரத்து இருநூறு” என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அந்த வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து, கல்யாணமான புதிதில் நான் இருந்த ஒரு டயட்டையும் அப்போது வீட்டில் எல்லோரிடமும் நான் எரிந்து விழுந்ததையும் நினைத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் என் குணம்தான் என்றே இவ்வளவு நாள் நம்பியிருந்தேன்.

இந்த வகுப்பில் கேள்விப் பெட்டியும் இருந்தது, பெயர் போடாமல் சீட்டில் எழுதலாம். “எனக்கு 40 நாளைக்கு ஒரு தடவைதான் வருது, ஏதாவது நோயா?” என்று ஒரு சீட்டு. ஆரம்பித்த முதல் சில வருஷங்களில் 21 நாளிலிருந்து 45 நாள் வரை இடைவெளி இருப்பது சகஜம், ஆனால் 3 மாதம் வராமலே போனால் டாக்டரைப் பார்க்க வேண்டும், விளையாட்டுப் பயிற்சியை ஏற்றிச் சாப்பாட்டைக் குறைத்ததால் நின்றுபோயிருந்தால் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்றார். வேறொரு சீட்டைப் பிரித்தவர் அதை மட்டும் சத்தமாகப் படிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “தோழியைப் பத்தி ஒருத்தர் எழுதியிருக்கீங்க. சாப்பிட்டதும் அவ என்ன பண்றான்னு எழுதியிருக்கீங்க. நான் இன்னைக்கு நாலு மணி வரைக்கும் அந்த மரத்தடி பெஞ்சுல இருப்பேன், சும்மா பேசலாம்” என்று சொன்னார். போகும்போது பார்த்தேன், பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு நடத்தத் தெரிந்தவர் என்றால் இவரைத்தான் சொல்வேன்.

ஐந்தாவது தூக்கம். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் தேவை என்றார்கள், செல்போனை வேறு அறையில் வையுங்கள் என்றார்கள், முடிந்தது. வளரிளம் பருவத்தில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, ராத்திரி தூக்கம் வர நேரமாவது இயற்கை என்று ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இலேயே இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி காலை 8.30க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்திருக்கிறது. நான் இதை எழுந்து சொல்லலாமா என்று யோசித்தேன், துணை முதல்வர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுச் செல்போன் மேல் பழி போடுவது எல்லோருக்கும் வசதி.

ஆறாவது வகுப்பில் தண்ணீர், நார்ச்சத்து, உடற்பயிற்சி. தினமும் 60 நிமிஷம் ஓடியாடுங்கள் என்றார்கள், கேட்கவே சிரிப்பாக வந்தது, விளையாட்டு வகுப்பைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பள்ளியில் இருக்கும்போது ஒரு பாட்டில் தண்ணீராவது குடியுங்கள் என்று உணவியல் நிபுணர் சொன்னபோது முதல் வரிசையிலிருந்து ஒருத்தி, “குடிச்சா பாத்ரூம் போகணுமே மிஸ்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவர் ஒரு வினாடி நின்றார், “உம்... ஆமா” என்றார், அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

என் மகளின் பாட்டில் தினமும் காலையில் கொடுத்தபடியே சாயங்காலம் வீட்டுக்கு வருவதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. வகுப்பு முடிந்ததும் அந்தக் கழிப்பறையைப் போய்ப் பார்த்தேன். நான்கு கதவில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒன்றில் தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் பேனா மூடியைச் செருகி வைத்திருந்தார்கள். நாப்கின் போட மூடியுள்ள குப்பைத்தொட்டி கிடையாது, சோப்பு கிடையாது. பிள்ளைகள் காலை எட்டு மணியிலிருந்து அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள், சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் அப்புறம் வராமல் என்ன செய்யும்? இதைச் சரிசெய்வது அந்தக் குழுவின் வேலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 6 வாரம் அதே கட்டடத்துக்கு வந்து போனவர்கள் பள்ளிக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். அறிக்கையை நான் வாங்கிப் படித்தேன், பிஎம்ஐ வரைபடம் மட்டும் மூன்று பக்கம்.

கையேட்டைப் பற்றி ஒன்று மட்டும். தாள் தரம், வண்ணம் எல்லாம் பிரமாதம். ஆனால் வரைந்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும் குச்சி மாதிரி இருக்கிறார்கள், “எல்லா உடம்பும் அழகு” என்று தலைப்பிட்ட பக்கத்திலும்.

பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பீரியட்ஸ் வகுப்புக்குப் பெண்கள் தனியாக இருப்பது சரி, அவர்களே அதைத்தான் விரும்பினார்கள். மீதி வகுப்புகளுக்கு ஏன்? நடந்து போகும்போது பின்னாலிருந்து “குண்டூஸ்” என்று கூப்பிடுவது யார்? டீச்சர்களும் அந்த நேரத்தில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஆறு வகுப்பும் முடிந்த அடுத்த வாரமே ஒரு டீச்சர் இன்னொரு துண்டு கேக் எடுத்த பிள்ளையிடம் “இன்னும் வேணுமா உனக்கு?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டதாக மகள் வந்து சொன்னாள்.

உங்கள் பள்ளிக்கு இப்படி ஒரு குழு வருகிறது என்றால் நான் கேட்கச் சொல்வது மூன்று நான்கு விஷயம்தான். எடை பார்ப்பீர்களா, பார்த்தால் தனியாகவா, எந்த வரைபடத்தை வைத்து? பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஆலோசகர் வருகிறாரா, வகுப்பு முடிந்த பிறகும் அவரைப் பார்க்க வழி இருக்கிறதா? டீச்சர்களுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குகிறீர்களா? கழிப்பறையை நீங்கள் பார்த்தீர்களா என்பதைக் குழுவிடமும் கேட்கலாம், பள்ளியிடமும் கேட்கலாம், நான் இரண்டு பேரிடமும் கேட்டேன். குழுவிலிருந்து பதில் இல்லை. பள்ளியில் இரண்டு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள், குப்பைத்தொட்டி வருமாம். பாட்டில் இப்போது பாதி காலியாக வருகிறது.

மகள் இரும்பு மாத்திரை சாப்பிடுகிறாள், டீயை நாலு மணிக்குத் தள்ளிவிட்டாள், கலோரி கேட்பதை இன்னும் முழுசாக விடவில்லை. அடுத்த பருவத்துக்கும் அதே குழுதான் வருகிறதாம், ஒப்புதல் படிவம் வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன், அடியில் ஒரு வரி சேர்த்து: எடை மெஷின் வரும் நாளில் என் மகளை நூலகத்தில் உட்கார விடவும்.